தேர்தல் நெருங்கினால் கூட்டாளிகள் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள்? – கேள்வி பதில்

கூட்டணி ஆட்சி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, ஒரே சந்தேகத்தின் வேறு வேறு வடிவங்கள். அவற்றைச் சேர்த்துவிட்டு மற்றதை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

நாலு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து ஆட்சி நடத்தியவர்கள், கடைசி ஆறு மாதத்தில் மட்டும் தினமும் ஒருவரை ஒருவர் குறை சொல்வது ஏன்?

ஆட்சியில் இருக்கும்வரை அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு. நல்ல பெயர் பிரதமரின் கட்சிக்குப் போய்விடும், கெட்ட பெயர் மட்டும் எல்லோருக்கும் பங்கு. ஆனால் வாக்குச் சீட்டில் 'கூட்டணி' என்று ஒரு சின்னம் கிடையாதே! "இது எங்களால் நடந்தது, அது எங்களை மீறி நடந்தது" என்று பாகம் பிரித்துக் காட்டும் வேலை கடைசி வருஷத்துக்கு வந்து சேர்கிறது.

பிரிட்டனில் 2010 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் என்ற சிறிய கட்சியும் சேர்ந்து ஆட்சி நடத்தின. 2015 மார்ச் 18 அன்று கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வழக்கமான சிவப்புப் பெட்டியோடு போய் பட்ஜெட் வாசித்தார். மறுநாள், அதே கருவூலத்தில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த லிபரல் டெமாக்ரட் அமைச்சர் டேனி அலெக்சாண்டர், தன் கட்சியின் நிறத்தில் ஒரு மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அவையிலும் தங்கள் கட்சியின் மாற்று நிதித் திட்டத்தைச் சமர்ப்பித்தார். முந்தின நாள் பட்ஜெட்டில் அவருக்கும் கை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மே மாதத் தேர்தலில் 57 இடங்கள் வைத்திருந்த கட்சி 8 இடங்களுக்கு வந்தது. அலெக்சாண்டரும் தோற்றார்.

பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்விக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்சிக்கு வந்த வருஷமே உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தச் சம்மதித்த கட்சி அது. நம்பிக்கை போனது 2010லேயே.

அப்படியானால் எல்லாம் நாடகம்தானா? நிஜச் சண்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டியை விடுங்கள், கையெழுத்தைப் பாருங்கள். ராஜினாமாக் கடிதம் போனதா, அவையில் எதிர்த்து ஓட்டுப் போட்டார்களா, ஒருங்கிணைப்புக் குழுவுக்கு வராமல் இருக்கிறார்களா? இவை நடக்காதவரை அது வெறும் உரசல்.

2012 செப்டம்பரில் டீசல் விலை உயர்வையும் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டையும் எதிர்த்து, மன்மோகன் சிங் அரசிலிருந்து திரிணாமூல் காங்கிரஸ் அமைச்சர்கள் 6 பேரும் விலகினார்கள். அது நிஜம். பிரிட்டனில் அதே வருஷம் லிபரல் டெமாக்ரட்டுகள் விரும்பிய மேலவைச் சீர்திருத்தத்தைக் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் முடக்கினார்கள். பதிலுக்கு, பெரிய கட்சி ஆவலோடு காத்திருந்த தொகுதி மறுவரையறையை 2013 ஜனவரியில் லிபரல் டெமாக்ரட்டுகள் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டுத் தள்ளிவைத்தார்கள். அதுவும் நிஜம். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகும் இரண்டு கட்சிகளும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றாகவே ஆட்சி நடத்தின.

ஐயா, விலகினால் சின்னக் கட்சிக்கு லாபமா நஷ்டமா? திமுக 2013இல் விலகியதை வைத்துச் சொல்லுங்களேன்.

அதைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். 2003ஐயும் பக்கத்தில் வையுங்கள்.

2003 டிசம்பரில் திமுக வாஜ்பாய் அரசிலிருந்து வெளியே வந்தது. அடுத்த வருஷமே தேர்தல். வெளியே வந்தவர்களுக்குப் போக இடம் இருந்தது: காங்கிரஸ், பாமக, மதிமுக, இடதுசாரிகள் எல்லோரும் ஒரே அணியில் சேர்ந்தார்கள். 2004இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் அந்த அணிக்கே.

2013 மார்ச் 19 அன்று இலங்கைப் பிரச்சினையில், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் தீர்மானத்தை முன்வைத்து, 18 எம்.பி.க்களோடு மறுபடி வெளியே வந்தார் கருணாநிதி. காரணம் முன்னதைவிட உணர்ச்சிகரமானது. ஆனால் இந்த முறை காத்திருக்கும் பெரிய துணை யாரும் இல்லை. ஜூன் மாதம் மாநிலங்களவைத் தேர்தல் வந்தபோது, மூன்று மாதத்துக்கு முன் கைவிட்ட அதே காங்கிரஸின் ஆதரவோடுதான் கனிமொழி ஜெயித்தார். 2014 மக்களவைத் தேர்தலில் திமுகவும் காங்கிரஸும் தனித்தனி. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் பூஜ்யம், அதிமுகவுக்கு 37.

என் கணக்கு இதுதான்: ஏன் விலகினார்கள் என்பதைவிட எங்கே போகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெலுங்கு தேசம் 2018 மார்ச்சில் சிறப்பு அந்தஸ்து கோரிக்கையோடு தேசிய ஜனநாயகக் கூட்டணியை விட்டது. ஆந்திராவில் அதைவிடக் கனமான கோரிக்கை அப்போது இல்லை. இருந்தும் 2019இல் அவர்களுக்கு 3 மக்களவை இடங்கள். 2024இல் அதே கூட்டணிக்குத் திரும்பி வந்து 16 வாங்கினார்கள்.

ஜெர்மனியில் 2024இல் நடந்தது இதே கதையா?

இதே கதைதான், இரண்டு பாகமாக. சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற சிறிய கட்சி 1982இல் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டை விட்டு எதிர்ப்பக்கம் தாவி, ஹெல்முட் கோலைப் பிரதமராக்கியது. 'துரோகிகள்' என்று திட்டு வாங்கியது, ஓட்டும் குறைந்தது. ஆனாலும் 1983 தேர்தலில் 7 சதவீதம் வாங்கித் தப்பித்தது. மறுகரையில் படகு தயாராக இருந்தது.

2024இல் அந்தப் படகு இல்லை. பட்ஜெட் ஓட்டையை எப்படி அடைப்பது என்ற சண்டையில் நவம்பர் 6 இரவு பிரதமர் ஓலாஃப் ஷோல்ட்ஸ், அந்தக் கட்சியின் தலைவரும் நிதியமைச்சருமான கிறிஸ்டியன் லிண்ட்னரைப் பதவியிலிருந்து நீக்கினார். அந்தக் கட்சியின் அமைச்சர்களில் ஃபோல்கர் விஸ்ஸிங் மட்டும் கட்சியை விட்டுவிட்டுப் பதவியில் தங்கினார். அப்புறம், வெளியேறுவதற்கு இந்தக் கட்சியே நாள் குறித்துத் திட்டம் போட்டிருந்த காகிதம் வெளியே வந்து, பொதுச் செயலாளர் பதவி விலக நேர்ந்தது. 2025 பிப்ரவரி 23 தேர்தலில் 4.3 சதவீதம். 5 இல்லையென்றால் அங்கே பொதுவாக அவைக்குள் நுழைய முடியாது. நீக்கிய ஷோல்ட்ஸும் பிழைக்கவில்லை. அவர் கட்சிக்கு 16.4 சதவீதம்தான் கிடைத்தது.

கூட்டாளி விலகினால் அரசு கவிழ்ந்துவிடும், இல்லையா?

அவசியமில்லை. மன்மோகன் சிங் அரசு திரிணாமூல் போயும் திமுக போயும் 2014 வரை ஓடியது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளியிலிருந்து தாங்கின. ஜெர்மனியில் மாற்றுப் பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரை அவை இறக்க முடியாது. அதனால்தான் ஷோல்ட்ஸ் தேர்தலுக்கு வழி செய்ய, தானே நம்பிக்கை வாக்கெடுப்பு கோரி டிசம்பர் 16 அன்று தோற்றார். இந்தியாவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு: ஆதரவு 269, எதிர்ப்பு 270. அரசு கவிழ்ந்தது.

வெளியிலிருந்து ஆதரவு கொடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

2004இல் மன்மோகன் சிங் அரசை வெளியிலிருந்து தாங்கிய இடதுசாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். பதவி வேண்டாம், பழியும் வேண்டாம் என்று நாலு வருஷம். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் ஆதரவை வாபஸ் வாங்கினார்கள். அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 275–256 என்று தப்பித்தது. மார்க்சிஸ்ட் கட்சி 2009இல் 43லிருந்து 16க்கு வந்தது. மேற்கு வங்கத்தில் அவர்களுக்கு இருந்த வேறு வினைகளும் அதில் சேர்த்தி, அதை மறைக்கக் கூடாது.

பெரிய கட்சிக்கு இதில் கவலையே கிடையாதா?

உண்டு, ஆனால் அதற்கு ஒரு கள்ளச் சந்தோஷமும் உண்டு. துணைக் கட்சி தேய்ந்தால் அந்த ஓட்டு பக்கத்து வீட்டுக்குத்தானே வரும்? 2015இல் லிபரல் டெமாக்ரட்டுகள் இழந்த 49 இடங்களில் 27ஐக் கன்சர்வேட்டிவ்களே எடுத்துக்கொண்டு தனிப் பெரும்பான்மைக்கு வந்தார்கள். ஐந்து வருஷம் தோளில் கை போட்டிருந்தவர்கள்!

இந்தச் சண்டைக்கு நடுவில் அரசாங்க வேலை என்ன ஆகும்?

தூங்கும். நெதர்லாந்தில் இதை ஒளிக்காமலே செய்கிறார்கள்: அமைச்சரவை கவிழ்ந்ததும், சர்ச்சைக்குரிய விஷயங்கள் என்று நாடாளுமன்றமே ஒரு பட்டியல் போட்டு, புது அரசு வரும்வரை தள்ளிவைத்துவிடும். 2023 ஜூலையில் அகதிகள் பிரச்சினையில் கவிழ்ந்த மார்க் ருட்டே, காபந்துப் பிரதமராக 2024 ஜூலை வரை உட்கார்ந்திருந்தார்.

தொகுதிப் பங்கீட்டுக்காகவே அமைச்சர்களை ராஜினாமா செய்யச் சொல்வார்களா? அவ்வளவு தூரம் போவார்களா?

போயிருக்கிறார்கள், தம்பி. 2011 மார்ச் 5, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நேரம். காங்கிரஸ் 63 இடம் கேட்கிறது, திமுக 60 என்கிறது. மூன்று இடத்துக்காக, மத்திய அரசிலிருந்து அமைச்சர்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று திமுக அறிவித்தது. டெல்லிக்குப் போய்ப் பேசினார்கள். மார்ச் 8 அன்று சமரசம்: காங்கிரஸுக்குக் கேட்ட 63. அமைச்சர்கள் அவரவர் நாற்காலியில். அந்த 63இல் காங்கிரஸ் ஜெயித்தது 5.