பெரியப்பா சொல்லும் வகுப்பு வேண்டாம், ஒரு நோட்டு போதும்

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீங்களும் உங்கள் கணவரும் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். ஒரு மணி நேரம் பேசினோம். அதில் அவள் பேசியது நாலு வாக்கியம் இருக்கும். “இங்கிலீஷில் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள், நாளைக்கு இன்டர்வியூவில் என்ன செய்வாள்?” என்று நீங்கள் கண்கலங்கியபோது, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த ஆறுதல் போதாது. கடன் வாங்குவது வரை போய்விட்டீர்கள். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

அவளுடைய பெரியப்பா இரண்டு யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்று, பெரிய பெயருள்ள இடத்தில் மூன்று மாத ஆங்கிலப் பேச்சு வகுப்பு. இன்னொன்று, தாவரவியலை விட்டுவிட்டு ஆங்கில இலக்கியம் சேர்ப்பது, “அப்போது இங்கிலீஷ் தானாக வந்துவிடும்” என்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

வகுப்பின் கணக்கைப் பாருங்கள். முப்பது பேர், ஒரு மணி நேரம். ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தாலும் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் மனப்பாடம் செய்த சுயஅறிமுகம் ஒன்றைச் சொல்ல வைப்பார்கள். எதிரே இருப்பவர் அதற்கு வெளியே ஒரு கேள்வி கேட்டால் அதோடு நின்றுவிடும். சான்றிதழில் ‘பி2’ என்று போட்டிருக்கும் என்கிறீர்கள். ஏ1 முதல் சி2 வரையிலான அந்த ஆறு படிகள் மொழித் திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஓர் அளவுகோல். எந்தப் படியில் இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்று அதில் விளக்கமாக இருக்கிறது, யாரும் இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் அச்சடித்துத் தரவும் முடியும். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை எழுத வைக்கலாமா என்று உங்கள் கணவர் கேட்டார். அதன் மதிப்பெண் பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணமே இல்லாத பெண்ணுக்கு இப்போது அது எதற்கு?

இலக்கியப் படிப்பில் நாடகமும் கவிதையும் நாவலும் விமர்சனமும் படிப்பார்கள். அவற்றை விரும்பிப் போகிறவர்களுக்கு அது அருமையான படிப்பு. மொழி ஓரளவு கைவசம் இருக்கிறது என்று நம்பித்தான் அங்கே பாடமே தொடங்கும். இலக்கணம் திருத்த மூன்று வருடப் பட்டப்படிப்பு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு, உங்கள் மகள் சொன்ன நாலு வாக்கியத்தில் மூன்று இலைகளைப் பற்றியவை. கவனித்தீர்களா? தாவரவியலை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

சரி, அப்படியானால் ஆங்கிலத்துக்கு என்ன வழி? செயலி, செய்தித்தாள், சினிமா எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. யாரும் கண்டுகொள்ளாத பழைய முறை ஒன்று இருக்கிறது. முதலாம் எலிசபெத் ராணிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் லத்தீன் கற்பிக்கச் சொன்னது. அதை விளக்கும் அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1570-ல் வெளிவந்தது. மாணவர் லத்தீன் பகுதியைத் தன் மொழிக்கு மாற்ற வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், அதைத் திரும்ப லத்தீனுக்கு மாற்ற வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். பெஞ்சமின் பிராங்க்ளினும் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்து எழுத்தைப் பழகினார். நல்ல கட்டுரை ஒன்றின் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்துத் தானே அதை எழுதிப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்தினார். பத்து வயதில் பள்ளியை விட்டவர் அவர். அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் செய்தது அது.

உங்கள் மகள் இப்படிச் செய்யட்டும். செடிகளைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு வாக்கியம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் பத்துக்கும் மேல் புரியாத சொல் இருந்தால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம், இன்னும் எளியதைத் தேடட்டும். நோட்டின் இடப்பக்கத்தில் அதைத் தமிழில் எழுத வேண்டும். சொல்லுக்குச் சொல் வேண்டாம், உங்களிடம் சொல்வது போல நல்ல தமிழில் எழுதட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அந்தத் தமிழை மட்டும் பார்த்து வலப்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூல வாக்கியம் அப்படியே நினைவில் நிற்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த இடைவெளி. மறந்தால்தான் தானாகக் கட்ட வேண்டி வரும்.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். புத்தகத்தில் ‘திஸ் ட்ரீ ஹேஸ் பீன் க்ரோயிங் ஹியர் ஃபார் ட்வென்டி இயர்ஸ்’ என்று இருக்கிறது. தமிழில் ‘இந்த மரம் இருபது வருடமாக இங்கே வளர்கிறது’ என்று எழுதுவாள். மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது அநேகமாக ‘திஸ் ட்ரீ இஸ் க்ரோயிங் ஹியர் ஃப்ரம் ட்வென்டி இயர்ஸ்’ என்று வரும். இது அவளுடைய அறிவுக் குறைவு இல்லை. தமிழில் ‘வளர்கிறது’ என்பது இன்றைக்கும் பொருந்தும், இருபது வருடத்துக்கும் பொருந்தும். ஆங்கிலம் அப்போது தொடங்கி இன்று வரை நீள்வதைக் காட்ட ‘ஹேஸ் பீன்’ கேட்கிறது. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’. இந்த விதியை அவள் பள்ளியில் பலமுறை படித்திருப்பாள். ஆனால் தன் கையெழுத்தில் உள்ள தவறும் சரியான வாக்கியமும் அருகருகே நிற்கும்போதுதான் அது உறைக்கும்.

இதே போல ‘அவனிடம் சொன்னேன்’ என்பதிலுள்ள ‘இடம்’ நம்மை ‘ஐ டோல்டு டு ஹிம்’ என்று எழுத வைக்கும், ‘டு’ அங்கே வேண்டாம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’, ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ஒரு ‘அபவுட்’டைக் கொண்டுவந்து ஒட்டும். ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்பது ‘ஐ ஆம் ஹேவிங்’ ஆகிவிடும். ‘தி’ என்பதற்குத் தமிழில் ஈடே கிடையாது, அதனால் அது பாதி இடத்தில் விழுந்துபோகும். தமிழ் பேசும் பிள்ளை எங்கே சறுக்கும் என்பதை இந்த நோட்டு ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். ஒரு மாதத்தில் திரும்பத் திரும்ப வரும் தவறு நாலைந்துதான் என்று தெரியும். அப்போது இலக்கணப் புத்தகத்தைத் திறக்கட்டும், அந்த நாலைந்து பாடத்துக்கு மட்டும்.

சொற்றொடரும் இப்படியே சேரும். ‘டிபெண்ட்ஸ் ஆன்’, ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’, ‘பிலாங்ஸ் டு’ போன்றவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு செடி எதைச் சார்ந்து வளர்கிறது, பூ எந்தெந்தப் பகுதிகளால் ஆனது, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எழுதும்போது அவை தேவையாகவே வரும். நாளைக்குத் தாவரவியல் வேலைக்கான நேர்காணலில் அவளிடம் கேட்கப்போவதும் இந்த விஷயங்களைத்தான்.

ஒரு சந்தேகம் வரும். புத்தகத்திலிருந்து மாறுபட்டு எழுதியதெல்லாம் தவறா? இல்லை. அவள் வாக்கியமும் சரியாக இருக்கலாம். கற்போருக்கான ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். மிஞ்சுவதைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை கேட்கட்டும்.

எழுதினால் பேச்சு வந்துவிடுமா என்பீர்கள். எழுத்து மட்டும் போதாது. ஒப்பிட்டு முடித்ததும் சரியான வாக்கியத்தை வாய்விட்டு மூன்று முறை படிக்க வேண்டும், பிறகு தமிழை மட்டும் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் அந்தச் செடியைப் பற்றி உங்களிடம் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுகூட இல்லை. நடுவில் திருத்தாமல் கேட்டால் போதும். பெரியப்பா எதிரில் மட்டும் இப்போதைக்குப் பேசச் சொல்லாதீர்கள். அவள் வாய் மூடியதில் அவருடைய கேலிக்கும் பங்கு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இதை உங்கள் கணவர் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

தினமும் அரை மணி நேரம், மூன்று மாதம். அதற்குள் கடன் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் வாருங்கள், அந்த நோட்டை மகளே எடுத்து வரட்டும். இந்த முறை நான் அவளிடம்தான் பேசுவேன்.