ஆளில்லாமல் ஓடும் தையல் மெஷின்: குறும்படக் கேள்வி பதில்

லயத்துக் காம்பராவுக்குள் பேய்க் குறும்படம் எடுக்கிறோம். ராத்திரியில் ஆளில்லாமல் கால் தையல் மெஷின் ஓட வேண்டும். மிதியில் தங்கூசி (நைலோன் நூல்) கட்டி இழுத்தால் சில்லு சுற்றவில்லை. சுற்றினாலும் நூல் மின்னிக் காட்டிக்கொடுக்கிறது.
– வாசகர், ஹட்டன்

சில்லு சுற்றாததற்கு நூல் காரணமல்ல. மிதியையும் பெரிய சில்லையும் இணைக்கும் தண்டு ஆக மேலேயோ ஆகக் கீழேயோ நின்றால், எவ்வளவு இழுத்தாலும் அசையாது. தைப்பவர்கள் முதலில் கையால் சில்லைத் தட்டிவிடுவது அதற்குத்தான். ஷொட்டுக்கு முன் தண்டை உச்சியிலிருந்து இரண்டு விரல் இறக்கி வையுங்கள். கைச்சில்லின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால் ஊசி நின்றுவிடும், பாரமும் குறையும். தண்டு பூட்டிய பக்கத்து விளிம்பில் தங்கூசியைக் கட்டி, தரையில் அடித்த வளைய ஆணி வழியாக இஸ்தோப்புக்குக் கொண்டுபோங்கள். இழுத்து, தண்டு கீழே வரும்போது விட்டுவிடுங்கள். சில்லின் வேகமே மிதியை மேலே தூக்கும்.

0.30 மில்லிமீற்றர் நூல் போதும். விளக்கு நூலுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்தால் மின்னத்தான் செய்யும். விளக்கை இடம் மாற்றி, நூலில் கறுப்பு மார்க்கரைத் தேயுங்கள். தங்கூசி இழுபடும் இயல்புடையது. தூரம் கூடினால் மிதி மெதுவாக இறங்காமல் வெட்டி இறங்கும். அதற்குப் பின்னல் தூண்டில் நூல் நல்லது.

ஊசி குத்துவதை குளோசப்பில் தனியாக எடுங்கள். திருகை இறுக்கி, மேல்நூல், பொபின் நூல் இரண்டையும் கழற்றி, துணியை அமத்தும் காலைத் தூக்கிவிட்டு, பிரேமுக்குக் கீழே ஒருவர் மிதித்தால் சரி. முழு மெஷினும் ஒரே ஷொட்டில் நெடுநேரம் ஓடினால் பார்ப்பவர் கண் நூலைத்தான் தேடும். சுமார் 15,000 டொலரில் எடுத்து 2007இல் முதலில் திரையிட்ட ‘பாராநோர்மல் அக்டிவிட்டி’ பேய்ப் படத்தின் ஒரு காட்சியில் அசையாத கமெராவின் முன் படுக்கையறைக் கதவு கொஞ்சம் அசைகிறது, அவ்வளவுதான்.

போனில் எடுத்தால் பல்ப் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. பேய் என்று சொல்லிச் சமாளிக்கலாமா?
– வாசகி, நானுஓயா

சமாளிக்கலாம், ஆனால் எல்லா ஷொட்டிலும் பேய் வரும்! நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல்ப் செக்கனுக்கு 100 தரம் மங்கித் தெளிகிறது. போனின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனில் பூட்டுங்கள், செக்கனுக்கு 25 பிரேமில் எடுங்கள். 1/60 வைத்தால் பட்டை வரும். மலிவான எல்ஈடி பல்ப் சிலது அப்போதும் அடங்காது. அதை மாற்றத்தான் வேண்டும்.

தகரத்தில் மழை விழுந்து வசனமே கேட்பதில்லை. பனிக்குள் எடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தால் லென்ஸும் மங்குகிறது.
– வாசகர், மஸ்கெலியா

உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு காய்ந்திருக்கும், அப்போது எடுங்கள். முடியாவிட்டால் மழை விட்டதும் அதே காம்பராவில், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் போனை வைத்து வசனத்தை மட்டும் பதியுங்கள். மழைச் சத்தத்தையும் தனியே ஐந்து நிமிடம் எடுத்து எல்லாக் காட்சிக்கும் அடியில் போட்டால் வெட்டு தெரியாது.

குளிர்ந்த கண்ணாடியில் அடுப்படியின் ஈரக்காற்று படிவதால்தான் லென்ஸ் மங்குகிறது. வெளியிலேயே கமெராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.