அறைக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர்க் குழாய்: தரையை உடைக்க வேண்டுமா?

கேள்வி: வீட்டின் முன்பக்கம் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறையை இழுத்துக் கட்டினோம். மீட்டரிலிருந்து வரும் பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அந்த அறையின் தரைக்கு அடியில்தான் போகிறது. இப்போது தண்ணீர் மெலிதாக வருகிறது, தரையோரம் ஈரமும் தெரிகிறது. டைல்ஸை உடைத்துக் குழாயை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: குழாயை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அதற்காகத் தரையை உடைக்கத் தேவையில்லை.

முதலில் கசிவு எங்கே என்று உறுதி செய்யுங்கள். குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் கசிவு மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில், அதாவது உங்கள் அறைக்கு அடியில். நகராமல் நின்றால் கசிவு வீட்டுக்குள் எங்கோ இருக்கலாம். வால்வு திறந்திருக்கும்போது கழிவறைத் தொட்டி ஒழுகினாலும் மீட்டர் ஓடும். வால்வே பழசாகி முழுதாக மூடாமல் இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், அதையும் கவனியுங்கள்.

தண்ணீர் மெலிந்ததற்குக் கசிவு மட்டுமே காரணமாக இருக்காது. ஜிஐ பைப்பின் உள்பக்கம் துரு கட்டித் துளை சுருங்கிக்கொண்டே வரும். உள்விட்டம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று நினைப்போம். உண்மையில் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வரும். அதனால் ஓட்டையை மட்டும் ஒட்டிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். துருப்பிடித்த குழாயில் ஓரிடத்தை அடைத்தால் அடுத்த இடம் தயாராக இருக்கும்.

சரி, மாற்றுவது எப்படி? பழைய குழாய் இருக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். புதிய குழாயை அறையைச் சுற்றி வெளியே பள்ளம் தோண்டிக் கொண்டுவாருங்கள். நீளம் கூடினாலும் தரையும் அஸ்திவாரமும் தப்பும். பள்ளத்தைச் சுவரை ஒட்டி, அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகும்படி தோண்ட விடாதீர்கள். சாக்கடைக் குழாயைக் கடக்க வேண்டி வந்தால் அதற்கு மேலே கடக்கட்டும்.

குழாய்க்கு எச்டிபிஇ என்ற கெட்டியான பிளாஸ்டிக் நல்லது. சுருளாக வருவதால் நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் ஒரே துண்டாக இழுக்கலாம். மண்ணுக்குள் ஜாயிண்ட் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 25 மி.மீ. என்று விற்பது வெளிவிட்டம். உள்ளே ஏறக்குறைய 20 மி.மீ.தான் இருக்கும். தூரம் அதிகமென்றால் 32 மி.மீ. வாங்குங்கள்.

சுற்றிவர இடமே இல்லையா? சுவரோரமாக மேலே ஏற்றிக் கூரையை ஒட்டிக் கொண்டுபோகலாம், பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான். இல்லாவிட்டால் இரு முனையிலும் குழி எடுத்து, மண்ணைத் துளைத்துப் போகும் கருவியால் அடியிலேயே புதுக் குழாயை இழுப்பார்கள். வேறு குழாய், கேபிள் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் அதில் இறங்கக் கூடாது. எப்படியும் தரையை உடைத்தே தீர வேண்டும் என்றால், குழாயை நேரே புதைக்காமல் ஒரு பெரிய உறைக்குழாய்க்குள் விடுங்கள். அடுத்த முறை உருவி மாற்றலாம்.

பழைய இரும்புக் குழாயை வெட்டும் முன் எலக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிடுங்கள். பல பழைய வீடுகளில் மின் எர்த்தை அதோடுதான் கட்டியிருப்பார்கள். வெட்டும் ஆளுக்கே ஷாக் அடிக்கலாம். பிளாஸ்டிக்குக்கு மாறியபின் வீட்டுக்கே எர்த் இல்லாமல் போய்விடும். பிளம்பர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த விஷயத்தில்தான்.

மண் மூடும் முன், வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி ஒரு மணி நேரமாவது பாருங்கள். பிளாஸ்டிக் கொஞ்சம் விரியும் என்பதால் அழுத்தமானியின் முள் முதலில் லேசாக இறங்கும். அப்புறம் நிலையாக நிற்க வேண்டும். பழைய குழாயை மீட்டர் பக்கத்திலேயே துண்டித்து மூடிவிடுங்கள், தேங்கிய தண்ணீர் புதிய இணைப்பில் கலக்கக் கூடாது. பள்ளத்தை மூடும் முன் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில் குழாய் போகிறது என்று அளந்து, போட்டோவும் எடுத்து வையுங்கள்.