சாக்லேட்டை ஒளிச்சு வச்சு சாப்பிட வேண்டாம்மா!

போன இதழ்ல, மாசமா இருக்கறவங்க காபியைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல சாக்லேட் பத்திதான், காபியில இருக்கற அதே கஃபைன் சாக்லேட்லயும் இருக்காமே, அப்ப அதையும் விட்டுடணுமான்னு. ஒரு டயட்டீஷியனா இத்தனை வருஷத்துல வார்டுலயும் இந்தக் கேள்வியை நிறைய கேட்டிருக்கேன், அதனால இந்த மாசம் முழுக்க இதையே பேசிடலாம்.

மேடம், எனக்கு நாலாவது மாசம். வாந்தி நின்னதுல இருந்து சாக்லேட் மேல அப்படி ஒரு ஆசை. மாமியாருக்குத் தெரியாம பீரோவுல புடவைக்கு அடியில வச்சு எடுத்து சாப்பிடறேன். சாப்பிட்டு முடிச்சதும் குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அழுகையா வருது. எவ்வளவு சாப்பிடலாம்? – வாசகி, கும்பகோணம்

முதல்ல அந்த சாக்லேட்டை பீரோவுல இருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வைங்கம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல. சாக்லேட் கர்ப்பிணிக்கு ஆகாத பொருள் கிடையாது, அளவுதான் விஷயம்.

கஃபைன் கணக்கை முதல்ல பாப்போம். ஒரு நாளைக்கு மொத்தமா 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம்னு இங்கிலாந்து, அமெரிக்கா ரெண்டு நாட்டு மகப்பேறு வழிகாட்டுதலும் சொல்லுது. நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதான் ஐசிஎம்ஆர், 2024ல போட்ட உணவு வழிகாட்டியில பொதுவா எல்லாருக்கும் 300ன்னு இருக்கு, ஆனா மாசமா இருக்கறப்ப 200ஐயே வச்சுக்கங்கன்னுதான் நான் சொல்வேன். ஏன்னா மத்த நேரத்துல குடிச்ச கஃபைன்ல பாதி கழிய அஞ்சு மணி நேரம் ஆகும்னா கடைசி மாசங்கள்ல அது பதினஞ்சு மணி நேரம் வரைக்கும் இழுக்கும், கல்லீரல்ல அதை உடைக்கற என்சைம் அந்த சமயத்துல மந்தமாயிடுது, நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கும் போயிடும், அதை உடைக்கற சக்தி குழந்தைக்கு இன்னும் வந்திருக்காது.

இப்ப சாக்லேட்டுக்கு வாங்க. 50 கிராம் மில்க் சாக்லேட்ல சுமார் 10 மில்லிகிராம் கஃபைன்தான். டார்க் சாக்லேட்னா கொக்கோ எவ்வளவுங்கறதைப் பொறுத்து 25ல இருந்து 40 வரைக்கும் போகும். ஆனா 150 மில்லி ஃபில்டர் காபியில 80ல இருந்து 120 இருக்கு, டீயில 30ல இருந்து 65. காலையில ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர்னு திக்கான டிகாக்ஷன்ல குடிச்சாலே கணக்கு அங்கயே முடிஞ்சுடுதும்மா. கும்பகோணத்துல இருந்துக்கிட்டு காபியை விடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஒரு வேளையா ஆக்கிக்கங்க, அப்புறம் சாக்லேட்ல இருக்கற கஃபைன் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம்.

சாக்லேட்ல கவனிக்க வேண்டியது சர்க்கரை. சாதாரண மில்க் சாக்லேட்டோட எடையில பாதிக்கு மேல சர்க்கரைதான். 40 கிராம் பார் ஒண்ணை முழுசா சாப்பிட்டா அஞ்சு டீஸ்பூன் சர்க்கரை உள்ள போயிடும். வெளியில இருந்து சேக்கற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்ப காபிக்கு, ஜூஸுக்கு, பிஸ்கட்டுக்கு எங்க இடம்? எங்க வீட்டு சமையல் தராசுல ஒரு நாள் வச்சுப் பாத்தேன், பெரிய பார்ல மூணு கட்டம் உடைச்சா 15 கிராம் பக்கத்துல வந்துச்சு. அந்த மூணு கட்டம் போதும். வெறும் வயித்துல வேண்டாம், மத்தியானம் சாப்பிட்டு முடிச்சுட்டு மாமியார் பக்கத்துலயே உக்காந்து, அவங்களுக்கும் ஒரு கட்டம் குடுத்துட்டு நிதானமா வாயில கரைய விட்டு சாப்பிடுங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி சாப்பிட்டா நெஞ்செரிச்சல் வரும், ஏற்கனவே கர்ப்பத்துல உணவுக்குழாயோட அடி வால்வு தளர்ந்திருக்கும், சாக்லேட் அதை இன்னும் தளர்த்தும்.

அக்கா, டார்க் சாக்லேட் தினமும் சாப்பிட்டா கர்ப்பத்துல பிபி ஏறாது, குழந்தை சிரிச்ச முகமா பிறக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, என் வீட்டுக்காரர் 85 சதவீதம் போட்டதா பெட்டி பெட்டியா வாங்கி வச்சுட்டார், கசக்குது, மருந்து மாதிரி முழுங்கறேன். நிஜமா? – வாசகி, திருப்பூர்

உங்க வீட்டுக்காரர் அக்கறையில செஞ்சிருக்கார், அவரைத் திட்டாதீங்க. இதுக்குப் பின்னாடி ஆராய்ச்சி இல்லாம இல்ல. கனடாவுல கியூபெக்ல 129 கர்ப்பிணிகளுக்கு தினமும் 30 கிராம் சாக்லேட்னு 12 வாரம் குடுத்துப் பாத்தாங்க, ஒரு பாதிக்கு ஃபிளேவனால்ங்கற கொக்கோ சத்து அதிகமா இருக்கற சாக்லேட், இன்னொரு பாதிக்கு குறைவா இருக்கறது. 2016ல முடிவு சொன்னாங்க. கர்ப்பத்துல பிபி ஏறி உறுப்புகளைப் பாதிக்கற ப்ரீஎக்ளாம்ப்சியா வர்றதுலயோ பிபியிலயோ ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல. கர்ப்பப்பைக்கு போற ரத்த ஓட்டம் ரெண்டு கூட்டத்துலயுமே எதிர்பாத்ததை விட நல்லா இருந்துச்சு, ஆனா சாக்லேட்டே சாப்பிடாத ஒரு கூட்டத்தை வச்சு ஒப்பிட்டுப் பாக்கலையே, அப்ப அது சாக்லேட்டாலதான்னு எப்படி சொல்றது? சிரிச்ச முகம்ங்கறது ஃபின்லாந்து ஆராய்ச்சி, 2004ல வந்தது. தினமும் சாக்லேட் சாப்பிட்ட அம்மாக்கள் ஆறு மாசக் குழந்தை நிறைய சிரிக்குதுன்னு ஃபார்ம்ல எழுதினாங்க, சொன்னது அம்மாதான், யாரும் பக்கத்துல உக்காந்து சிரிப்பை எண்ணல.

டார்க்கை தினமும் மருந்தா முழுங்க வேண்டாம்னு நான் சொல்றதுக்கு வேற காரணமும் இருக்கு. 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்ங்கற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டை டெஸ்ட் பண்ணுச்சு. அதுல 23, தினமும் 28 கிராம் சாப்பிட்டா ஈயம் இல்லன்னா காட்மியம்ங்கற நச்சு உலோகம் ஏதாவது ஒண்ணு கலிஃபோர்னியா மாநிலம் வச்ச அளவைத் தாண்டற மாதிரி இருந்துச்சு. காட்மியம் மண்ணுல இருந்து வேர் வழியா கொட்டைக்கு ஏறுது, ஈயம் கொக்கோ கொட்டையை வெளியில காய வைக்கறப்ப தூசியோட ஒட்டிக்குது. கொக்கோ சதவீதம் கூடக் கூட இதுவும் கூடும், வளர்ற மூளைக்கு ஈயம் ஆகவே ஆகாது. இன்னொண்ணு, கடைசி மூணு மாசத்துல டார்க் சாக்லேட், கிரீன் டீ மாதிரி பாலிஃபீனால்ங்கற தாவரப் பொருள் அதிகமா இருக்கறதை ரொம்ப எடுத்தா குழந்தையோட இதயத்துக்குப் பக்கத்துல இருக்கற ஒரு ரத்தக்குழாய் சுருங்கலாம்னு பிரேசில் டாக்டர்கள் கவனிச்சிருக்காங்க, சாப்பாட்டை மாத்தினதும் சரியாச்சுன்னும் எழுதியிருக்காங்க. இதைப் படிச்சுட்டு பயந்துடாதீங்க, வாரத்துல ரெண்டு மூணு நாள் ஒரு சின்னத் துண்டுன்னா கவலையே இல்ல. கசக்கறதைக் கஷ்டப்பட்டு முழுங்காதீங்க, மீதிப் பெட்டியை வீட்டுக்காரரே சாப்பிடட்டும்.

வளைகாப்புக்கு வந்த நாத்தனார் ஊட்டியில இருந்து ஹோம்மேட் சாக்லேட் ஒரு கிலோ வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா மேல வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சையா? தூக்கிப் போட்டுடவா? – வாசகி, மதுரை

விரலால தேய்ச்சுப் பாருங்க. மாவு மாதிரி வழவழன்னு வந்து, வாடை எதுவும் இல்லாம இருந்தா அது பூஞ்சை இல்ல, கொழுப்பு. மதுரை வெயில்ல ஒரு தடவை இளகி மறுபடி இறுகியிருக்கும், அப்ப உள்ள இருக்கற கொழுப்பு மேல வந்து படிஞ்சுடும், சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. பஞ்சு பஞ்சா நூல் மாதிரி இருந்தாலோ, உள்ள இருக்கற முந்திரி, பாதாம் சிக்கு வாடை அடிச்சாலோ தூக்கிப் போட்டுடுங்க.

அதை விட முக்கியமா ஒண்ணு. ஊட்டி, கொடைக்கானல் கடைகள்ல தட்டு தட்டா அடுக்கி எடை போட்டுத் தர்ற சாக்லேட்ல லேபிள் இருக்காது. ரம் அண்ட் ரெய்சின்னு ஒரு வகை இருக்கும், சிலதுல வெறும் வாசனைதான், சிலதுல நிஜ ரம்மிலயே திராட்சையை ஊற வச்சிருப்பாங்க, கர்ப்பத்துல ஆல்கஹாலுக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாது. எதுல என்னன்னு தெரியலன்னா நாத்தனாருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க, தெரியலன்னு சொன்னா அந்த வகையை ஒதுக்கிடுங்க. ஹோட்டல்ல சாக்லேட் மூஸ், டிராமிசு சாப்பிட்டா பச்சை முட்டை போட்டதான்னு கேட்டுட்டு, இல்லன்னு சொன்னா மட்டும் சாப்பிடுங்க.

எனக்கு ஆறாவது மாசம், சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட் சாப்பிடலாமா? – வாசகி, வேலூர்

75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்திருப்பாங்க, 140 அல்லது அதுக்கு மேல வந்தா கர்ப்பகால சுகர். சாப்பிட்டு வந்தாலும் வெறும் வயித்துல வந்தாலும் எடுத்துக்கலாம்ங்கற இந்த சுலபமான டெஸ்டுக்காக எவ்வளவோ பாடுபட்டவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா, அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் இந்தியாவுல கர்ப்பகால சுகர் விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. அவர் மாதிரி ஆளுங்க இல்லன்னா உங்களுக்கு சுகர் இருக்கறதே இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சிருக்காது, அதனால மனசு உடைஞ்சு போகாதீங்க.

‘சுகர் ஃப்ரீ’ங்கற எழுத்தை மட்டும் நம்பாதீங்க. பெரும்பாலும் அதுல சர்க்கரைக்குப் பதிலா மால்டிட்டால்ங்கற இனிப்பைப் போட்டிருப்பாங்க, அதுவும் ஓரளவுக்கு சுகரை ஏத்தும், கொஞ்சம் அதிகமானா வயிறு உப்பி பேதியாகும். அதுக்குப் பதிலா 70 சதவீதத்துக்கு மேல இருக்கற டார்க்ல பத்து கிராம், எப்பவாவது ஒரு நாள், சாப்பாட்டோட கடைசியில எடுத்துக்கங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு மெஷின்ல பாருங்க, 120க்கு கீழ இருந்தா சரி, தாண்டினா உங்க உடம்புக்கு இப்ப அது ஒத்துக்கலன்னு அர்த்தம். இன்சுலின் போடறவங்களா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. சாக்லேட் கலர்ல வர்ற பவுடரைப் பால்ல கலக்கிக் குடிக்கறதும் இதே கணக்குதான், அந்த டப்பாவுல சர்க்கரை எவ்வளவுன்னு திருப்பிப் பாருங்க.

இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் வாய் ஒரு மாதிரி இருக்கு, உடனே ஒரு சாக்லேட் போட்டுக்கறேன். தப்பா? – வாசகி, நாகர்கோவில்

தப்புன்னு இல்ல, மாத்திரை வீணாப் போகுது. கொக்கோ, காபி, டீ மூணுலயும் இருக்கற பாலிஃபீனால் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. மாத்திரைக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் இது எதுவும் வேண்டாம். வாய்க்கு எலுமிச்சை ஜூஸ் ஒரு வாய் குடிங்க, இல்ல நாலு துண்டு கொய்யா சாப்பிடுங்க, வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா ஏறும். கால்சியம் மாத்திரையையும் இதோட சேத்துப் போடாதீங்க. அப்புறம் சாம்பல், பல்பம், பச்சரிசி திங்கணும்னு தோணுச்சுன்னா உடனே ஹீமோகுளோபின் பாத்துடுங்க, ரத்தசோகையில அப்படி ஆசை வரும்.

டார்க் சாக்லேட் சாப்பிட்டா குழந்தை கறுப்பா பிறக்கும்னு பாட்டி சொல்றாங்க. – வாசகி, சேலம்

பிறக்காதும்மா. தோல் நிறம் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற ஜீன்ல முடிவாகறது, குங்குமப்பூவும் மாத்தாது, சாக்லேட்டும் மாத்தாது. பாட்டியைக் கோவிச்சுக்காதீங்க. ஆனா குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே அதோட நிறத்தைப் பத்தி வீட்ல யாரும் கவலைப்பட வேண்டாம், கறுப்பா பிறந்தாலும் அது உங்க தங்கம்தான்.

எட்டாவது மாசம். நேத்துல இருந்து குழந்தை அசைவு கம்மியா இருக்கு. ஒரு சாக்லேட் சாப்பிட்டா துள்ளும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. செய்யலாமா? – வாசகி, விழுப்புரம் பக்கம்

வேண்டாம். இந்த ஒரு விஷயத்துல நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், வேண்டாம். சாக்லேட், ஜில்லுனு ஜூஸ், சர்க்கரைத் தண்ணி எதுவுமே குழந்தை நல்லா இருக்கான்னு காட்டற டெஸ்ட் இல்ல. ஒரு துள்ளு துள்ளினா நிம்மதியாகி வீட்லயே இருந்துடுவீங்க, அந்த நேரத்துல உள்ள குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிருந்தா போற ஒவ்வொரு மணி நேரமும் பெருசு. வழக்கமான அசைவை விட கம்மின்னு உங்களுக்குத் தோணினாலே போதும், விடியட்டும்னு பாக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி இல்லன்னா 108க்குக் கூப்பிடுங்க. உங்களுக்கே சரியாத் தெரியல, வேலையில கவனிக்கலையோன்னு சந்தேகமா இருந்தா மட்டும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து அசைவை எண்ணுங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து வரலைன்னா கிளம்பிடுங்க. எண்ணிக்கிட்டு இருக்கறப்பவே மனசுக்கு சரியாப் படலைன்னா அந்த ரெண்டு மணி நேரத்துக்குக் கூட காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்ல வந்ததால, இதழ் வர்ற வரைக்கும் வச்சிருக்காம அப்பவே அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிட்டேன். அன்னிக்கு சாயந்தரமே போய் வயித்துல பெல்ட் கட்டி இதயத் துடிப்பு பாத்திருக்காங்க, நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். “சும்மா அலைய விட்டுட்டேனோ மேடம், எங்க வீட்டுக்காரர் லீவு போட்டு வந்தார்”னு சங்கடப்பட்டா. அலையல கண்ணு. நாளைக்கு மறுபடி கம்மியாத் தெரிஞ்சா நாளைக்கும் போ, நாளன்னிக்கும் போ.