அன்றாடப் பிரச்சினைக்குத் தீர்வு சொல்லும் ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: கல்லூரியில் அன்றாடப் பிரச்சினை ஒன்றை எடுத்து, ஆராய்ந்து, தீர்வை முன்மொழிந்து பதினைந்து பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், 'பிளாஸ்டிக் ஒழிப்பு' என்று தலைப்பு வைத்துவிட்டேன், அடுத்து என்ன செய்வது?

தலைப்பை மாற்றுங்கள். நானும் ஏறக்குறைய இதே தலைப்பில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். பெயர் வேண்டாம், கட்டுரையில் வந்த ஆட்களெல்லாம் இன்றைக்கும் டீக்கடையில் எதிரே உட்காருகிறவர்கள். 2022 ஐப்பசி மழையில் தெரு நடுவில், எதிர்வீட்டு ஆச்சி வாசலுக்கு நேராக, கணுக்கால் அளவு தண்ணீர் நாலு நாள் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். சரி, தலைப்பு கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்தேன்.

ஒரே ராத்திரியில் பத்துப் பக்கம். முதல் இரண்டு பக்கம் செட்டிநாட்டின் பெருமை. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது எல்லாம் வந்துவிட்டது. அப்புறம் காரணம்: மக்கள் கேரி பேக்கை வாய்க்காலில் போடுகிறார்கள். தீர்வு: 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்', 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்', 'வாய்க்கால்கள் தூர்வாரப்பட வேண்டும்'.

சார் திருப்பித் தந்தபோது தேக்குப் பக்கத்தில் "இதுக்கும் தண்ணிக்கும் என்னப்பா?" என்று எழுதியிருந்தார். அது பரவாயில்லை. 'பட வேண்டும்' என்று முடிந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ஒரே வார்த்தை: யார்? எட்டு இடத்தில் இருந்தது. ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை.

நம் தமிழில் இந்த வசதி ஒரு சாபம். செய்கிறவன் பெயரே இல்லாமல் ஒரு வாக்கியத்தைக் கம்பீரமாக முடித்துவிடலாம். மேடைப் பேச்சுக்கு அது ஒத்துவரும். தீர்வு சொல்கிற கட்டுரைக்கு ஒத்துவராது. உங்கள் வரைவை எடுத்து 'பட வேண்டும்' எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எழுவாய் போட முடியாத வாக்கியம் எதுவோ, அங்கே நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

ரோஷம் வந்து, நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலை நாங்களே சுத்தம் செய்தோம். இரண்டு சாக்கு குப்பை. அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே தண்ணீர். என் பத்துப் பக்கம் அன்றைக்கே ஊத்திக்கொண்டது.

விடை ஆச்சியிடம் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "குப்பை என்னத்த தம்பி பண்ணும்? நான் கல்யாணமாகி வந்தப்ப தெருவுல இருந்து திண்ணைக்கு அஞ்சு படி. இப்ப எண்ணிப் பாரு" என்றார். எண்ணினேன். மூன்று. மீதி இரண்டு தெருவுக்குள் போய்விட்டன.

டேப் வைத்து அளந்தேன். ஒரு படி ஏழு அங்குலம். அப்படியென்றால் அவர் வந்த நாளிலிருந்து தெரு பதினாலு அங்குலம் ஏறியிருக்கிறது. ஜல்லி, அதற்கு மேல் தார், அதற்கு மேல் இன்னொரு தார், கடைசியாக சிமெண்ட். எதையும் வெட்டி எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் அடித்தளத்தை உயர்த்திக் கட்டியிருப்பதால் இந்த அளவுகோல் சும்மா கிடைக்கிறது. பழைய வீடு நாலில் படி எண்ணி ஒரு அட்டவணை போட்டேன். கட்டுரையிலேயே சார் 'டிக்' அடித்த முதல் இடம் அதுதான்.

ஆனால் தெரு முழுக்க ஒரே அளவு ஏறியிருந்தால் தண்ணீர் ஏன் நடுவில் நிற்க வேண்டும்? தெருவின் கிழக்குக் கோடியில் ஊருணி. முன்பெல்லாம் மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக அதில் போய் விழுமாம். இப்போது ஏன் போகவில்லை?

இதற்கு ஒரு கொத்தனார் அண்ணன் உதவினார். பெரிய கருவி ஒன்றுமில்லை, முப்பதடி டியூப். உள்ளே தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான். எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து தரைக்கு இந்தப் பக்கம் எத்தனை அங்குலம், அந்தப் பக்கம் எத்தனை என்று அளந்து கழித்தால் சரிவு தெரிந்துவிடும். இருநூற்று நாற்பது அடித் தெருவுக்கு எட்டு மாற்று. "கைய ஆட்டாதப்பா, தண்ணி நிக்கட்டும்" என்று அவர் சொல்லிச் சொல்லி, காலை டிபனுக்குள் முடித்துவிட்டோம். கிழக்குப் பாதியில் முதலில் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள், மேற்குப் பாதியில் பிற்பாடு. ஊருணிக் கோடி, ஆச்சி வாசலைவிட நாலு அங்குலம் உயரம். வரத்துக்காலின் வாய் சிமெண்டுக்கு அடியில். தண்ணீர் மேட்டில் ஏறுமா?

இதற்குப் பிறகுதான் காகிதத்தைத் தேடினேன். வரிசை முக்கியம். முதலில் நூலகத்துக்குப் போயிருந்தால் இன்னும் பத்துப் பக்கம் தேக்கு எழுதியிருப்பேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தெருவில் சாலை போட்டதற்கான மதிப்பீட்டு (எஸ்டிமேட்) நகலும், செய்த வேலையை அளந்து குறித்துவைக்கும் எம் புக் நகலும் கேட்டேன். பதில் வந்தது முப்பத்துநாலாவது நாள்; அதிலும் எம் புக் இல்லை. மேல்முறையீடு செய்யலாம்தான், ஆனால் கட்டுரைக்கு நாள் நெருங்கிவிட்டது. உங்களுக்குக் காகிதம் வேண்டுமென்றால் இன்றைக்கே போடுங்கள். வந்த மதிப்பீட்டில் நீளம், அகலம், கனம் இருந்தன. மட்டம் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இல்லாத வரிதான் எனக்குக் கிடைத்த பெரிய ஆதாரம். ஏனென்றால் 2021-லேயே, அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தார். நான் புதிதாக எதையும் கண்டுபிடித்து முன்மொழிய வேண்டியதில்லை, ஏற்கெனவே சொன்னதை மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னால் போதும்.

கணக்கும் கொஞ்சம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருபதடி அகலம், இருநூற்று நாற்பதடி நீளம் என்றால் சுமார் 446 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு இருபத்திரண்டாயிரம் லிட்டருக்கு மேல், கூரைத் தண்ணீரைச் சேர்க்காமலே. பெரிய தண்ணி லாரி இரண்டு வந்து ஆச்சி வாசலில் கொட்டிவிட்டுப் போன மாதிரி. 'ஏராளமான நீர் வீணாகிறது' என்று எழுதியிருந்தால் யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தீர்வையும் எழுதி முடித்தேன்: ஆச்சி வாசல் பள்ளத்திலிருந்து சிமெண்டை ஓரமாக வெட்டி, ஒன்பது அங்குலக் குழாய் பதித்து, பழைய வரத்துக்காலில் சேர்ப்பது. பெருமையாக ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அடுப்படித் தண்ணியும் அதுலதானே தம்பி வந்து விழுது? அதுவும் ஊருணிக்குப் போகுமா?" என்றார்.

பேச்சு வரவில்லை. தெருவில் பதினொரு வீட்டுச் சமையல்கட்டுத் தண்ணீர் அந்த வாய்க்காலில்தான் வருகிறது. என் குழாயைப் போட்டிருந்தால் ஊருணி நாறிப்போயிருக்கும். 'எதிர்வாதங்கள்' என்று ஒரு பகுதி வைக்கச் சொல்வார்கள் இல்லையா, அதில் நாமே ஒரு சோப்ளாங்கி வாதத்தை நிறுத்திவைத்து நாமே தட்டிவிடுவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். உங்கள் தீர்வால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடிய ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆச்சி கேட்டதை அப்படியே அந்தப் பகுதியின் முதல் வரியாக வைத்தேன். பதிலாக, குழாய்க்கு முன்னால் வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி என்று சேர்த்தேன். நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே அதை வெட்ட வழி இருந்தது. கட்டுரை மூன்று பக்கம் நீண்டது, தீர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஆனால் பொய் இல்லை.

சாரின் எட்டு 'யார்'களுக்கும் கடைசியில் பதில் எழுத முடிந்தது. தீர்மானம் போட வேண்டியது ஊராட்சி மன்றம். மதிப்பீட்டில் மட்ட வரியைச் சேர்க்க வேண்டியவர் ஒன்றிய ஓவர்சியர். குழிக்கு இடம் விட வேண்டியது பதினொரு வீட்டுக்காரர்கள். அதில் இரண்டு பேர் முடியாது என்றார்கள், அதையும் எழுதினேன். முன்னுரை, முடிவுரை பற்றியெல்லாம் கவலைப்படாதீர்கள், அவை கடைசி ராத்திரியில் தானாக வந்துவிடும்.

2023 மார்ச் 22, தண்ணீர் தின கிராம சபைக்கு அந்தத் தீர்வுப் பகுதியை மட்டும் இரண்டு பக்கமாகச் சுருக்கி, டியூப் அளவு வரைபடத்தோடு கொடுத்தேன். தலைவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். அடுத்த வருஷம் ஒன்பது குழி வெட்டினார்கள், குழாயும் வந்தது. ஒன்பது அங்குலம் கேட்ட இடத்தில் ஆறு அங்குலம். முதல் மழையிலேயே வேப்பிலை போய் அடைத்துக்கொண்டது. ஆச்சி ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து குத்திவிட்டார். தண்ணீர் போய்விட்டது.