தேதிக் கோளாறைத் தீர்க்கும் மென்பொருளில் பணம் போடலாமா?

கேள்வி: 2038-இல் கணினிகளின் தேதி குழம்பும் என்கிறார்கள். மூல நிரலை (நிரலாளர் எழுதிய வரிகளை)த் தொடாமலே அதைச் சரிசெய்யும் மென்பொருள் தங்களிடம் இருப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் முதலீடு கேட்கிறது. நம்பலாமா?

பதில்: கோளாறு உண்மைதான். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த பழைய நிரல்கள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணி 32 பிட் இடத்தில் வைக்கின்றன. ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. யுடிசி (உலகப் பொது நேரம்) படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3:14:07-க்கு அது நிரம்பும். அடுத்த நொடி எண் கழித்தல் குறிக்கு மாறி, தேதி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும்.

‘மூல நிரலைத் தொடாமலே’ என்பதைத்தான் நம்ப முடியவில்லை. ஓடும் நிரல் கேட்கிற நேரத்தை இடையில் புகுந்து மாற்றித் தரலாம். கோப்பில் ஏற்கெனவே எழுதிவைத்த நேரத்தை என்ன செய்வது? ஒரு பதிவில் முதல் 4 பைட் (32 பிட்) நேரம், அடுத்த 4 பைட் கணக்கு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு 8 பைட் (64 பிட்) ஒதுக்கிய புதிய நிரல் அந்தக் கோப்பைத் திறந்தால், கணக்கு எண்ணையும் சேர்த்து நேரமாகப் படிக்கும். பிழைச் செய்தி வராமலே தப்பான தேதி வந்து நிற்கும். எழுதும் நிரல், படிக்கும் நிரல், சேர்ந்து கிடக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றியாக வேண்டும். லினக்ஸில் கிளிப்சி (glibc) என்ற அடிப்படை நிரல் நூலகத்தின் 2.34 பதிப்பு முதல் 32 பிட் நிரல்களுக்கும் 64 பிட் நேரம் கிடைக்கிறது. ஆனால் நிரலை மறுபடி கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) வேண்டும். அதற்கு மூல நிரல் கையில் இருக்க வேண்டும்.

அவர்கள் போட்டுக் காட்டும் டெமோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல வருடங்களாக ஓடும் நிரல் ஒன்றின் நகலில், தெரிந்த நிரலாளரை வைத்து 20 தேதிப் பிழைகளை ஒளித்துவைத்துக் கொடுங்கள். பாதியாவது ‘டேட்’, ‘டைம்’ என்ற பெயரே இல்லாத மாறிகளில் (நிரல் மதிப்புகளை வைக்கும் இடங்களில்) இருக்கட்டும். பெயரைத் தேடும் கருவிகள் அங்கேதான் கோட்டைவிடும். கண்டுபிடித்தவை, தவறவிட்டவை, சரியானதைப் பிழை என்றவை எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு திருத்திய நிரலைத் தனிக் கணினியில் ஏற்றி, யுடிசி கடிகாரத்தை 2038 ஜனவரி 19, 3:10-க்கு வைத்துத் தாண்டவிடுங்கள். அந்தக் கணினியை வலைப்பின்னலில் இணைக்கவே கூடாது. இணைத்தால், 2038 வந்துவிட்டது என்று நினைத்து ‘பழைய காப்பு நகல்களை அழி’ என்ற தானியங்கி வேலை ஓடி, நல்ல நகல்களையும் அழித்துவிடும்.

2038-க்கு இன்னும் நாள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2026-இல் தரும் 15 வருடக் கடன் 2041-இல் முடிகிறது. அந்தத் தேதியை 32 பிட்டில் கணக்கிடும் நிரல் இப்போதே தப்பாகச் சொல்லும்.

கேள்வி: 2000-ஆம் ஆண்டுக் கோளாறை இத்தகைய கருவிகள் தீர்த்தனவே?

பதில்: தேடித் தருவதில் உதவின. பல இடங்களில் நடந்தது தள்ளிப்போடும் வேலைதான். கடைசி இரண்டு இலக்கமாக மட்டும் எழுதிவைத்த ஆண்டை நான்கு இலக்கமாக்காமல், ‘30-க்குக் கீழே என்றால் 2000கள், மற்றவை 1900கள்’ என்று எல்லை வகுத்தார்கள். அதில் 1925-இல் பிறந்தவர் 2025-இல் பிறந்தவராகிவிடுவார். 2030 வந்தால் அது 1930 ஆகும். உங்களிடம் வருபவரும் எல்லை வகுக்கிறாரா, எந்த ஆண்டில் என்று கேளுங்கள்.

கேள்வி: நிறுவனத்தின் கணக்கில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வருமானம் மென்பொருள் உரிமக் கட்டணமா, பொறியாளர்கள் கையால் திருத்திய நாட்களுக்கான கட்டணமா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டாவதே பெரும்பகுதி என்றால் அது சேவை நிறுவனம். பங்கின் விலையும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும். 2038 தாண்டிய பிறகு எதை விற்கப் போகிறார்கள் என்பதற்கும் பதில் வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.