டாக்டர் பதில்கள்: வலிக்காத காதில்தான் வம்பு

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, யூகேஜி படிக்கிறான். டிவியை அலற வைக்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது, மூன்று மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் மருந்தே எழுதாமல் அனுப்பிவிட்டார். வேறு டாக்டரிடம் போகலாமா? தலைக்குக் குளித்த தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டதா?
- வாசகி, பரமக்குடி

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். நாலு பாட்டில் சிரப் எழுதி அனுப்புவது எளிது. ஒன்றும் எழுதாமல் அனுப்பத்தான் தைரியம் வேண்டும்.

குளித்த தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செவிப்பறையில் ஓட்டை இல்லாதவரை வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட நடுக்காதுக்குள் போகாது. இது உள்ளேயே ஊறும் நீர். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, காதுக்குள் காற்று போய்வரும். சிறுபிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குட்டை. சாய்வும் குறைவு, ஏறக்குறையப் படுக்கைவசத்தில் இருக்கும். சளி பிடித்தாலோ, மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கினாலோ அடைத்துக்கொள்ளும். காற்று வராத நடுக்காதில் நீர் சுரந்து தேங்கும். நாள்பட்டால் கோந்து மாதிரி கெட்டியாகிவிடும்.

வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கேட்கும் திறன் மட்டும் சராசரியாக 25, 30 டெசிபல் குறையும். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். ஃபேன் ஓடும் வகுப்பறையில் பின் பெஞ்சிலிருந்து கேட்டால் பாதி வார்த்தை போய்விடும். 'ஐஸ்கிரீம் வேணுமான்னா மட்டும் நல்லா கேக்குது டாக்டர்' என்று என்னிடம் சொல்லாத அம்மா இல்லை. ஐஸ்கிரீமை நீங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள். 'புத்தகத்தை எடு' என்பதை அடுப்படியிலிருந்து கத்துகிறீர்கள். போதாக்குறைக்கு இந்தக் குறைபாடு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அதனால்தான் பிள்ளைக்கு 'அழுத்தக்காரன்' என்று பட்டம் கிடைத்துவிடுகிறது.

மூன்று மாதக் கணக்கு ஏன்? பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்குள் நீர் தானாகவே வற்றிவிடும். ஆன்டிபயாடிக், சளி சிரப், ஸ்டீராய்டு எதுவும் இந்த நீரை வற்ற வைக்க உதவாது. அலர்ஜி இருந்தால் அதற்குத் தனியாக மருந்து உண்டு, அது வேறு கதை. அதுவரை மிஸ்ஸிடம் சொல்லி முதல் வரிசையில் உட்கார வையுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, எதிரே நின்று பேசுங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்துக் கட்டாயம் திரும்பப் போங்கள். காதில் ரப்பர் முனையை வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து ஒரு வரைபடம் எடுப்பார்கள், வலிக்காது. நல்ல காதுக்குக் கோடு உயர்ந்து இறங்கும். நீர் இருந்தால் தட்டையாகப் போகும். கூடவே எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராமும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு காதிலும் நீர் நின்று, கேட்பதும் குறைந்திருந்தால் குரோமெட் வைப்பது பற்றிப் பேசுவார்கள். மயக்கம் கொடுத்து, செவிப்பறையில் பொடி அளவு கீறி, நீரை உறிஞ்சிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குட்டிக் குழாயைச் செருகுவது, அவ்வளவுதான். அடினாய்டு பெரிதாக இருந்தால் அதையும் சேர்த்தே எடுப்பதுண்டு. ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க டாக்டர் 1954இலேயே பிளாஸ்டிக் குழாய் வைத்து எழுதிவிட்டார், எனவே புது வைத்தியமோ என்று பயப்பட வேண்டாம். குழாய் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் இருந்து, தானே வெளியே வந்துவிடும். ஓட்டையும் மூடிக்கொள்ளும், மூடாமல் நிற்பது சிலருக்குத்தான்.

எங்கள் வார்டில் குரோமெட் வைத்த ஒரு பையன், நர்ஸ் எவர்சில்வர் தட்டை மேஜையில் வைத்த சத்தத்துக்கே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அவன் அம்மா பயந்துபோய் என்னைத் தேடி ஓடி வந்தார். நல்ல சேதிதான், போய் இட்லி கொடுங்கள் என்றேன்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன் இரவெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். காலையில் அழுகை நின்றது, ஆனால் தலையணையில் ரத்தம் கலந்த சீழ். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடப் போனால் மருமகள் சண்டைக்கு வருகிறாள். நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?
- வாசகி, கம்பம்

வளர்த்தீர்கள் அம்மா. ஆனால் இந்த விஷயத்தில் நான் மருமகள் கட்சி.

நடுக்காதில் சீழ் பிடித்து, அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்திருக்கிறது. அழுகை நின்றதற்குக் காரணமும் அதுதான். இப்போது எண்ணெய் விட்டால் அந்த ஓட்டை வழியாக நேரே நடுக்காதுக்குப் போகும். தாய்ப்பால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவுமே கூடாது. போன வருடம் வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டையுள்ள காதில் போனால் உள்காதையே கெடுக்கலாம்.

இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வயதில் சீழ் வடிந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். வலிக்கு எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் போதும். வெளியே வடிவதை மட்டும் துணியால் துடையுங்கள், பஞ்சுக்குச்சி உள்ளே போகக் கூடாது. குளிப்பாட்டும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். கிழிசல் சாதாரணமாகச் சில வாரங்களில் ஒட்டிவிடும். ஒட்டியதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், படுத்தபடி பாட்டிலில் பால் குடிக்கிறானா? அதை நிறுத்துங்கள். குளித்ததும் மூக்கில் ஊதும் பழக்கம் இருந்தால் அதையும்.

கேள்வி: 10 வயது மகளைப் பள்ளியில் ஆசிரியர் செவிட்டில் அறைந்துவிட்டார். செவிப்பறையில் ஓட்டை என்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா?
- வாசகர், விருத்தாசலம்

பெரும்பாலும் வேண்டாம். அடிபட்டுக் கிழிந்தது பல பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானே மூடும். சொட்டு மருந்து, எண்ணெய் எதுவும் விடாதீர்கள். தண்ணீர் படக் கூடாது. மூக்கைப் பலமாகச் சிந்த விடாதீர்கள். கிணற்றுக் குளியல் இப்போதைக்கு இல்லை. தலைசுற்றல், விடாத இரைச்சல், முகம் ஒரு பக்கம் கோணுவது இருந்தால் உடனே காட்டுங்கள். மூன்று மாதத்திலும் மூடாவிட்டால், காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுப் போடலாம்.

இன்னொன்று. அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி அடிபட்டது என்று ஏஆர் காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எழுதச் சொல்லுங்கள், ஆடியோகிராமும் எடுத்து வையுங்கள். பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. 'போனால் போகட்டும்' என்று விட வேண்டியதில்லை.

கேள்வி: 12 வயதுப் பையனுக்கு வருடக்கணக்காக ஒரு காதில் கொஞ்சமாகச் சீழ் வருகிறது, நாற்றம் தாங்கவில்லை. வலி இல்லை. வயது வந்தால் நின்றுவிடும் என்கிறார்களே?
- வாசகர், அறந்தாங்கி

நிற்காது. சளி பிடிக்கும்போது மட்டும் நிறைய ஒழுகி நிற்கும் காது வேறு. கொஞ்சமாக, நாற்றத்தோடு, விடாமல் வருவது வேறு. இரண்டாவது வகையில் செவிப்பறையின் மேல்பகுதியில் தோல் உள்நோக்கி வளர்ந்து, சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டே போகலாம். பக்கத்தில்தான் முக நரம்பு, மேலே மூளை. மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும், சிடி ஸ்கேன் தேவைப்படலாம். அதுதான் என்று உறுதியானால் சொட்டு மருந்தால் தீராது, ஆபரேஷன்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.